சுவர்த்தட்டும் சிற்றுருவமும்: கேட்பாரும் சொல்வாரும்

இல்லத்தின் சுவரில் மாட்டப்பெறும் புடைப்புத் தட்டுகளும், மாடத்திலும் பலகையிலும் வைக்கப்பெறும் சிற்றுருவங்களும் இன்று தமிழகத்தின் எப்பகுதியிலும் காணக் கிடைப்பவை. நடமிடும் சிவன், தேரோட்டும் கண்ணன், சிலம்பேந்திய கண்ணகி, ஓலையும் எழுத்தாணியும் கொண்ட வள்ளுவர், குதிரைமேல் வாளொடு வீற்றிருக்கும் ஊர்க்காவல் தெய்வம் எனப் புராணமும் வரலாறும் நாட்டார் கதையும் அவற்றில் உருப்பெற்றுள்ளன. இவற்றைக் கைவினையாகக் கண்டு ஆராய்ந்தோர் பலர். வணிகப் பொருளாகக் கணக்கிட்டோரும் உளர். தமிழ் பயில்வோர் இவற்றிடம் கேட்கவேண்டிய வினா வேறொன்று உண்டு. ஒரு படிமம் தன் கதையைச் சுமந்து நிற்பது எங்ஙனம், அக்கதை எந்நிலையில் அதனைவிட்டு நீங்குகின்றது என்பதே அவ்வினா. அதனை இலக்கியச் சான்றும் நாட்டார் வழக்கும் கைவினை முறையும் கொண்டு விளக்க முயல்கிறோம்.

களமாகத் தொண்டைமண்டலக் கடற்கரையை, சிறப்பாகச் சென்னையின் வடகோடியை எடுத்துக்கொள்வோம். கொசத்தலை ஆறு கடலொடு கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தை அடுத்து நெட்டுக்குப்பம் என்னும் மீனவர் ஊர் அமைந்துள்ளது. ஒருபுறம் கடல், மறுபுறம் உப்பங்கழி. சூழத் துறைமுகமும் தொழிற்சாலைகளும். 1970இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் தொடங்கப்பெற்றது. 2023 டிசம்பரில் கழியில் பரவிய எண்ணெய், வலையையும் படகையும் கெடுத்தது. இத்தகைய மாற்றங்களுக்கு இடையே வாழும் ஊரில் சுவரில் மாட்டிய ஒரு தட்டைப் பற்றிப் பேசுதல் சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் குடி பெயரும் காலத்தில் கோயிலையோ கரையையோ ஒருவர் எடுத்துச் செல்ல இயலாது. சுவரிலுள்ள படிமத்தை எடுத்துச் செல்லலாம். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் வடசென்னைக் கடலோரக் குடும்பங்கள் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டதை நினைவிற் கொண்டால், இப்பொருளின் இன்றியமையாமை விளங்கும்.

சொல்லும் பொருளும்

தமிழில் உருவத்தைக் குறிக்கும் சொற்கள் பல. ‘பாவை’ பழமையானது, சிறுமியர் விளையாடும் உருவத்தையும், தெய்வ உருவத்தையும், கண்ணின் மணியையும் அஃது ஒருங்கே குறிக்கும். ‘படிமம்’ என்பது பிரதிமை என்னும் வடசொல்லோடு தொடர்புடையது. ‘சுதை’ என்பது சுண்ணச் சாந்தையும், அதனால் இயன்ற உருவத்தையும் உணர்த்துவது. ‘பொம்மை’ பிற்கால வழக்கு. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதற்கு இனமான சொற்கள் உள. சுவரில் மாட்டும் புடைப்புச் சிற்பத்திற்கு நிலைபெற்ற ஒரு பெயர் தமிழில் இல்லை. தஞ்சையார் அதனைத் ‘தட்டு’ என்கின்றனர். அவ்வழக்கையே தழுவிச் ‘சுவர்த்தட்டு’ என இங்கு வழங்குவோம். தனித்து நிற்கும் சிறிய உருவத்தைச் ‘சிற்றுருவம்’ என்போம்.

பழைய இலக்கியம் காட்டும் நால்வகைக் காட்சி

முதலாவது மணிமேகலை காட்டுவது. மலர்வனம் புக்க காதையில், மணிமேகலை புகார்த் தெருவில் நடந்து செல்லும்போது, சுட்ட செங்கல்லால் உயர்ந்த மாளிகைகள்தோறும் வானவர் முதலாகப் பல்வகை உயிர்களின் உருவங்கள் வெண்சுதையால் இயற்றப்பெற்றிருந்தன எனவும், அவற்றைக் கண்டு நின்றோர் பலர் எனவும் சாத்தனார் கூறுகின்றார். வீட்டுச் சுவரின் உருவ அணி தமிழர்க்குப் புதிதன்று என்பதற்கு இது போதிய சான்றாகும்.

இரண்டாவது நெடுநல்வாடை காட்டுவது. பாண்டியன் அரண்மனையில் யவனர் செய்த பாவை ஒன்று கையில் அகல் ஏந்தி நிற்கின்றது. பிறநாட்டுத் தொழில் தமிழகத்து இல்லத்துட் புகுந்து பயன்பொருளாகவும் அழகுப்பொருளாகவும் நின்றது என்பது இதனால் அறியப்படும். உள்நாட்டுக் கைத்தொழில், வெளிநாட்டுக் கைத்தொழில் என்ற கலப்பு இன்றைய கடைத்தெருவில் மட்டும் தோன்றியதன்று.

மூன்றாவது நெய்தல் நிலத்திற்கே உரியது. கடற்கரை மணலில் சிறுமியர் வண்டற்பாவை செய்து விளையாடுவர். அலை வந்து அதனைக் கவர்ந்து செல்லும். ஐங்குறுநூற்று நெய்தற் பாடல் ஒன்றில், தன் பாவையைக் கவர்ந்த கடல்மேற் சினந்த பெண் நுண்மணலை வாரியெறிந்து அக்கடலையே தூர்க்க முயல்கின்றாள். அவ்வுருவம் சில நாழிகையே நிற்பது, விலையற்றது. அதனைப் பிறர்க்குப் பாவையாக்குவது அவளுடைய விளையாட்டும் சொல்லுமேயாம். அவள் சொல்லாவிடின் அது மணற்குவியல்.

நான்காவது காட்சி நம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தைப் பேசுகின்றது. அங்கு வந்தோர் ஓவியங்களைச் சுட்டி இவர் யார் என வினவுகின்றனர். அறிந்தோர் விடை கூறுகின்றனர். காமனும் இரதியும் இவர் என ஒருவர் கூற, அகலிகை கதையை மற்றொருவர் விளக்குகின்றார். இந்திரன் அங்குப் பூனை வடிவில் தீட்டப்பெற்றுள்ளான். கதை அறியாதவன் கண்ணுக்கு அது வெறும் பூனை. சினந்து நிற்கும் முனிவரும், கல்லாகும் பெண்ணும், நழுவும் பூனையும் ஒரே நிகழ்ச்சியின் உறுப்புகள் என்பதை அருகில் நின்ற ஒருவர் எடுத்துரைத்த பின்னரே வந்தவர் காண்கின்றார்.

புலவர் ஓவியத்தின் அழகை மட்டும் பாடி அமையவில்லை. கேட்பாரையும் சொல்வாரையும் ஓவியத்தோடு ஒருங்கே பாடினார். படிமம், கேட்பார், சொல்வார் என்னும் இம்மூன்றும் கூடிய நிலையே படிமத்தின் முழுநிலை என நாம் கொள்ளுகிறோம். இதனை அளவுகோலாகக் கொண்டு பிற்கால வழக்குகளை நோக்குவோம்.

நாட்டார் வழிபாட்டில் மண்ணுருவம்

தொண்டைமண்டலத்துத் திரௌபதி அம்மன் விழாக்களில் பாரதக் கதை பல நாட்கள் சொல்லப்பெறும். பகலில் பாரதப் பிரசங்கியார் கதை விரிப்பார். இரவில் தெருக்கூத்து நிகழும். இறுதியிற் படுகளத்தன்று, தரையில் மிகப் பெரியதாக மண்ணாற் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தின் முன் கதை முடிவெய்தும். அவ்வுருவத்தை நோக்கி யாரும் இவன் யார் என வினவ வேண்டுவதில்லை. பல நாட்கள் கேட்ட கதை அனைத்தும் அம்மண்ணில் வந்து முடிகின்றது. விழா முடிந்ததும் மண் மண்ணோடு சேரும். அங்காளம்மன் வழிபாட்டில் மயானக் கொள்ளையன்று இடுகாட்டில் மண்ணால் உருவம் அமைத்துப் பின் அதனைச் சிதைக்கும் வழக்கமும் இவ்வகையினதே.

தென்மாவட்டங்களில் ஐயனார்க்கு எடுக்கும் புரவியும் இங்கு எண்ணத்தக்கது. ஊரார் ஒரு பிடி மண்ணைக் குயவரிடம் கொடுத்துப் பணியைத் தொடங்குவர். இது பிடிமண் கொடுத்தல் எனப்படும். களிமண்ணோடு மணலும் வைக்கோலும் உமியும் கலந்து குதிரை வனைவர்; உலர்த்திச் சுட்டு வண்ணம் தீட்டுவர். கண் திறந்தபின் ஊர்வலமாகக் கொண்டு சென்று கோயில் எல்லையில் நிறுத்துவர். நிறுத்திய பின் அதனைப் பழுது பார்ப்பதில்லை. மழையிலும் வெயிலிலும் அது சிதைய, அதன் அருகே புதியது வந்து நிற்கும். உருவம் அழிவது குறையாகக் கருதப்படவில்லை. ஆண்டுதோறுமோ வேண்டுதல்தோறுமோ அதனை மீண்டும் செய்விக்கும் கதையும் கடமையும் ஊரில் நின்றன.

மண்ணுருவம் வனைந்தவரே பல இடங்களிற் பூசாரியாகவும் இருந்தார். வேளார் எனப்படும் குயவர் மரபினர் மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் ஐயனார் கோயில்களிற் பூசை செய்துவருதலை நாட்டார் வழக்காற்றியலார் விரிவாக எழுதியுள்ளனர். இதன் தொன்மையை நற்றிணைப் பாடல் ஒன்றால் உய்த்துணரலாம். அகன்ற தெருவில் நடந்து ஊர்க்கு விழா அறிவிக்கும் முதிய குயவன் ஒருவனை அப்பாடல் காட்டுகின்றது. மண்ணை உருவாக்குவோனே விழாவையும் சொல்லி வந்தான் என்பது நம் கருத்துக்கு அரண் செய்வதாகும். செய்வார் வேறு, சொல்வார் வேறு என்னும் பிரிவு அவனிடத்து இல்லை.

கோயில் எல்லையிலிருந்து வீட்டினுள்

சென்னையில் மண்ணுருவம் செய்வோர் வாழும் இடங்களுட் புகழ்பெற்றது புரசைவாக்கத்தை அடுத்த கொசப்பேட்டை. ஊர்ப்பெயரே தொழிலை உணர்த்தும்: குயவன் என்பது பேச்சு வழக்கிற் குசவன், கொசவன் எனத் திரியும், அவர் பேட்டை கொசப்பேட்டை. பிள்ளையார் சதுர்த்திக்கு உருவங்களும், நவராத்திரிக்குக் கொலுப் பொம்மைகளும் அங்கிருந்து நகரெங்கும் செல்கின்றன. பண்ணுருட்டி, மதுரையை அடுத்த விளாச்சேரி ஆகியவையும் இத்தொழிலிற் பெயர் பெற்றவை.

இத்தொழிலின் உயிர்நிலை அச்சு. முதலில் ஓர் உருவத்தைக் கையால் வனைவர். அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சாந்து பூசி முன்பக்கம், பின்பக்கம் என இரண்டு அச்சுகள் எடுப்பர். களிமண்ணையோ காகிதக்கூழையோ அச்சில் அழுத்தி, இரு பகுதியையும் பொருத்தி, மூட்டு வாயை மெழுகி, நிழலில் உலர்த்துவர். மண்ணுருவமாயின் சூளையிற் சுடுவர். பின் வெள்ளைப் பூச்சும் வண்ணமும் இடுவர். சுவர்த்தட்டிற்குப் பின்பக்க அச்சு வேண்டா. முன்பக்கம் ஒன்றே போதும். ஆகவே அது விரைவிலும் எளிதிலும் இயலும், விலையும் குறையும்.

அச்சினால் விளையும் ஒரு சிக்கலை ஈண்டுச் சுட்டுதல் வேண்டும். நாட்டார் தெய்வங்களுட் பலர் முறுக்கிய மீசை, உருட்டிய விழி, ஓங்கிய வாள் என்னும் பொதுவடிவினர். மதுரைவீரன், முனீசுவரன், கருப்பசாமி ஆகிய மூவர்க்கும் ஒரே உடலச்சுப் பயன்படக்கூடும். வேறுபாடு துணையுருவங்களாலும் கைப்பொருளாலும் அமையும். பொம்மியும் வெள்ளையம்மாளும் இருமருங்கும் நின்றால் அவன் மதுரைவீரன். கழுமரம் உடனிருந்தால் காத்தவராயன். துணையுருவங்களை நீக்கி ஒரு தலையை மட்டும் சுவர்த்தட்டில் அமைத்தால், அவன் ‘மீசைக்காரத் தெய்வம்’ என்னும் அளவில் நின்றுவிடுகின்றான். காத்தவராயன் ஆரியமாலையை விரும்பியதும், அதன் பொருட்டுக் கழுவேற நேர்ந்ததும், அக்கதையில் உறையும் சாதிக் கொடுமையும் அத்தட்டிற் புலப்படா. வாங்குவோர் அதனைக் கண்ணேறு கழிக்கும் பொருள் என எண்ணி வாயிலில் மாட்டுவர். கண்ணேறு கழித்தலும் ஒரு பயனே. ஆயினும் ஒரு பெருங்கதை அங்கு ஒரு மீசையாகச் சுருங்கிற்று.

கொலு இதற்கு மாறான இயல்புடையது. திருமணம், பத்து அவதாரம், ஊர்ச்சந்தை எனப் பொம்மைகள் ‘செட்’ என்னும் தொகுதியாகவே விற்கப்படுகின்றன. மணமகனும் மணமகளும், மேளக்காரரும் சமையற்காரரும் வரிசையில் நின்று நிகழ்ச்சியைத் தாமே உணர்த்துகின்றனர். மேலும் கொலுவிற்கு வந்தவர் வினவுவதும் வீட்டார் விடையிறுப்பதும் அவ்விழாவின் பகுதியேயாகும். இப்பொம்மை பாட்டி காலத்தது, இது இன்னார் கொடுத்தது, இது இன்ன கதை என்று சொல்லும் பொழுது, பரிபாடல் காட்டிய மூன்று உறுப்பும் ஒருங்கு கூடுகின்றன. ஆண்டில் ஒன்பது நாளே நிகழினும் இம்மரபு நிலைத்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

தஞ்சைத் தட்டு

சுவர்த்தட்டு என்னும் வகைக்குத் தமிழகம் தந்த சிறந்த எடுத்துக்காட்டுத் தஞ்சாவூர்க் கலைத்தட்டு. மராத்திய மன்னர் இரண்டாம் சரபோசியின் (ஆட்சி 1798–1832) ஆதரவில் இது தோன்றிற்று என்பது தஞ்சைக் கைவினைஞர் வழங்கும் மரபுச் செய்தி. இன்று இது புவிசார் குறியீடு பெற்ற பொருளாகும்.

ஒரு தட்டு மூவர் தொழிலால் நிறைவுறுகின்றது. பித்தளைத் தட்டைக் கன்னார் இயற்றுவார். மெல்லிய வெள்ளித் தகட்டை அச்சின்மேல் வைத்துத் தட்டிப் புடைப்புருவம் எழுப்புபவர் பொற்கொல்லர். அப்புடைப்பின் பின்புறப் பள்ளத்தை அரக்குப் போன்ற கலவையால் நிரப்பித் தட்டின்மேற் பதித்து நிறைவு செய்வது பதிக்கும் தொழிலுடையார் பணி. வெள்ளி, செம்பு, பித்தளை என்னும் மூன்று நிறமும் ஒரு தட்டில் ஒளிர்வது இதன் தனியழகு. நடுவட்டத்திற் பெரிய உருவமும், அதனைச் சூழ்ந்த சிறுகட்டங்களிற் கொடியும் பூவும் பறவையும் துணையுருவமும் அமையும்.

இவ்வமைப்பே இதன் பொருளை உணர்த்தும் வாயில். நடுவுருவம் கதைத்தலைவன்; சூழ்ந்த கட்டங்கள் அவன் கதையின் பகுதிகளாகலாம். பத்து அவதாரமும் சுற்றிவர நடுவிற் திருமால் வீற்றிருக்கும் தட்டு ஒரு புராணத்தை வட்டமாக எழுதியது போல்வது. பிற்காலத்தே இத்தட்டு விழாக்களில் விருந்தினர்க்கு வழங்கும் நினைவுப் பரிசாயிற்று. அந்நிலையில் நடுவட்டத்தில் ஒரு நிறுவனத்தின் சின்னமோ ஒரு கட்டடத்தின் வடிவமோ இடம் பெறலாயிற்று. சூழ்ந்த கட்டங்களின் மயிலும் கொடியும் பொது அணிகளாக நின்றன. தொழில் நுட்பம் குறையவில்லை. கதை சொல்லும் இடம் குறைந்தது. கைவினைஞர்க்கு வாழ்வு தருவது இவ்வாணையே ஆதலின் இதனைக் குறை கூறுதல் நம் கருத்தன்று. மாற்றம் எவ்விடத்து நிகழ்ந்தது என்பதைக் காட்டுதலே கருத்து.

வரலாற்று மாந்தர் உருவங்கள்

தெய்வ உருவத்திற்கு ஆகம மரபு உண்டு. நாட்டார் தெய்வத்திற்கு ஊர் மரபு உண்டு. வரலாற்று மாந்தர்க்கும் புலவர்க்கும் உருவம் வகுத்தது யாது? பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் ஓவியமும் பொதுவிடச் சிலையுமேயாம். வேணுகோபால சர்மா தீட்டிய திருவள்ளுவர் ஓவியம் 1964இல் சட்டமன்றத்தில் திறந்து வைக்கப்பெற்றது. இன்று வீட்டுச் சுவரிலும் மேசையிலும் காணும் வள்ளுவர் உருவங்கள் அவ்வோவியத்தின் தாடியையும் அமர்வையும் கைப்பொருளையும் பின்பற்றுவன. வள்ளுவரைக் கண்டெழுதிய உருவம் எதுவும் நமக்குக் கிடைத்திலது. ஆயினும் இவ்வுருவம் குறளோடு சேர்த்தே கற்பிக்கப்பட்டமையின், சிறுவரும் இவர் யார் எனத் தயங்காது சொல்கின்றனர். பள்ளி இங்குச் சொல்வார் இடத்தை ஏற்றது.

கண்ணகி உருவமும் இவ்வாறே. 1968 சனவரியில் சென்னையில் நிகழ்ந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாக் கடற்கரையில் நிறுவப்பெற்ற சிலைகளுள் ஒன்று கையிற் சிலம்பேந்திய கண்ணகி. அது 2001 டிசம்பரில் அகற்றப்பட்டு 2006இல் மீண்டும் நிறுவப்பெற்றது. அகற்றியபோது எழுந்த எதிர்ப்பு, அவ்வுருவத்தின் கதை மக்களிடம் உயிரோடு இருந்தது என்பதற்குச் சான்று. கல்லையோ வெண்கலத்தையோ இழந்ததற்கு மட்டும் எவரும் அவ்வளவு வருந்தார்.

சொல்வார் இல்லாத உருவம் எத்தகைய நிலையை அடையும் என்பதற்கும் கண்ணகியோடு தொடர்புடைய ஒரு சான்று உண்டு. இலங்கையின் கீழைக்கடற்கரையில் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கிடைத்த பொன்முலாம் பூசிய வெண்கலப் பெண்ணுருவம் ஒன்று 1830இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தை அடைந்தது. எட்டாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அஃது ஒரு காலத்திற் பத்தினித் தெய்வம் எனக் குறிக்கப்பெற்றுப் பின்னர்ப் பௌத்தத் தாரை எனத் துணியப்பட்டது. உருவம் சிறிதும் மாறவில்லை. அதனைப் பெயர் சொல்லி வழிபட்டோர் உடனில்லாமையாற் பெயர் மாறிற்று. நீலமலைக் கல்லறைகளிலிருந்து பிரீக்ஸ் முதலியோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எடுத்த தாழிமூடி உருவங்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. எருமையும் மனிதரும் அவற்றில் உளர். அம்மனிதர் யார் என்று சொல்லும் கதை ஒன்றும் அவற்றோடு வரவில்லை.

பிறநாட்டு, பிறபகுதி ஒப்பீடு

இராசத்தானத்தில் நாத்துவாராவை அடுத்த மொலேலா என்னும் ஊர்க் குயவர் சுடுமண் புடைப்புத் தட்டுகள் செய்வதிற் புகழ்பெற்றவர். தேவநாராயணன் முதலிய நாட்டார் தெய்வங்களும் வீரரும் அவற்றிற் குதிரைமேல் தோன்றுவர். பீலர், குசரர் முதலிய மக்கள் தம் பூசாரியோடு தொலைவிலிருந்து வந்து தட்டைத் தேர்ந்தெடுத்துத் தம்மூர்க் கோயிலிற் பதிப்பர். அத்தட்டு வெறுஞ்சரக்காக அவர் ஊரை அடைவதில்லை. கதை அறிந்தவர் உடன்வந்து அழைத்துச் செல்கின்றார். அதே குயவர் நகரத்தார்க்கும் சுவர்த்தட்டுகள் செய்கின்றனர். அவற்றில் ஊர்வாழ்க்கைக் காட்சிகள் மிகுதி. பூசாரி உடன் வருவதில்லை. ஒரே கை, ஒரே மண், ஒரே சூளை. சொல்வார் உடன் வருதலும் வாராமையும் பற்றி இருவேறு பொருள்கள் பிறக்கின்றன.

இங்கிலாந்தில் ஸ்டாஃபர்ட்ஷயர் வட்டாரக் குயவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எளிய வீடுகளுக்கென உருவங்கள் செய்தனர். கணப்படுப்பின் மேற்பலகையிற் சுவரை ஒட்டி நிற்றற்காக அவற்றின் பின்பக்கம் தட்டையாக விடப்பட்டது. அரசி, படைத்தலைவர், நாடக மாந்தர், வழிப்பறிக் கள்வர் எனப் பலர் அவற்றில் இடம் பெற்றனர். முகங்கள் பெரும்பாலும் ஒரு சாயலின. ஆயினும் பீடத்தில் பெயரைப் பொறிக்கும் வழக்கம் அக்குயவரிடம் இருந்தது. சொல்வார் இல்லாத வீட்டிலும் எழுத்து அவர் பணியைச் செய்தது. பெயர் பொறிக்கப்பெறாதன பல இன்று யாரைக் குறிப்பன என்று துணிய இயலாமல் ஆய்வாளர்க்கு வினாவாக நிற்கின்றன.

கடற்காற்றும் படிமமும்

இனிக் களமாகக் கொண்ட கடற்கரைக்கு மீள்வோம். எண்ணூர்க் கரை போன்ற இடத்தில் எந்தப் படிமமும் நெடுநாள் நில்லாது. குறைந்த வெப்பத்திற் சுட்ட மண்ணின் நுண்துளைகளிற் கடற்காற்றின் உப்பு ஈரத்தோடு புகும். ஈரம் உலர உப்பு உள்ளே படிகமாகி விரியும். மேற்பரப்பு ஏடுஏடாக உதிரும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஈரத்தை உறிஞ்சித் தளரும்; உள்ளே இரும்புக் கம்பி இருப்பின் அது துருவேறிப் பருத்துச் சாந்தைப் பிளக்கும். பித்தளையிற் பச்சைக் களிம்பு ஏறும். வெள்ளியைக் கறுக்கச் செய்வன காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள். நிலக்கரியும் எண்ணெயும் எரியும் தொழிற்பகுதியில் அவை மிகும். ஆகவே நெட்டுக்குப்பம் போன்ற ஊரில் ஒரு குடும்பம் தன் சுவர்ப்படிமத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற நேர்வது இயல்பு.

மாற்றும் பொழுதுதான் நாம் கூறும் இழப்பு நிகழ்கின்றது. முதிர்ந்தோர் உடனிருந்து, இன்ன தெய்வம், இன்ன துணையுருவங்களோடு வேண்டும் எனக் கேட்டு வாங்கினால், பழைய மண் போயினும் கதை புதிய மண்ணிற் புகுகின்றது. ஐயனார் புரவியின் முறையும் இதுவே. கடையில் உள்ளவற்றுள் அழகியதைக் கொள்வோம் என எடுத்துவரின், ஒரு கதை ஓசையின்றி வீட்டைவிட்டு வெளியேறுகின்றது. மண் அழிவதைத் தடுத்தல் எளிதன்று. அதற்கு அருங்காட்சியகங்கள் உள்ளன. கதை அழிவதைத் தடுத்தல் தமிழ் பயில்வோர் செய்யக்கூடியது.

செய்யத்தக்கது

கள ஆய்வு மேற்கொள்ளும் முதுகலை மாணவர் பாடல்களையும் கதைகளையும் தொகுக்கின்றனர். வீட்டின் படிமங்களை நிழற்படம் எடுப்போரும் உளர். இரண்டனையும் ஒன்றோடொன்று இணைப்பது அரிதாகவே நிகழ்கின்றது. ஒவ்வொரு படிமத்திற்கும் ஐந்து செய்திகளைக் குறித்தல் தகும். முதலாவது, அவ்வீட்டார் அதனை அழைக்கும் பெயர்; நூல்வழக்கிற்குத் திருத்தாமல் அவர் சொல்லியவாறே எழுதுக. இரண்டாவது, அவர் சொல்லும் கதை. மூன்றாவது, இன்னார் என அவர் அறியும் அடையாளம் எது என்பது: வாளா, சிலம்பா, துணைவியா, ஊர்தியா? நான்காவது, இதற்கு முன் அவ்விடத்தில் இருந்த படிமம் யாது, அஃது எவ்வாறு நீங்கிற்று என்பது. ஐந்தாவது, செய்தவர் அதன் உறுப்புகளுக்கும் தம் கருவிகளுக்கும் வழங்கும் சொற்கள். இவ்வைந்தும் ஒரு பக்கத்தில் அடங்கும். கொசப்பேட்டையில் தொடங்கி எண்ணூர்க் கரை வரை இத்தகைய குறிப்புகள் தொகுக்கப்பெறின், தொண்டைமண்டல நாட்டார் கதைகளின் பரப்பை அறியப் புதிய சான்றுகள் கிடைக்கும். அகராதி காணாத தொழிற்சொற்கள் பலவும் கிடைக்கும்.

கைவினைஞர்க்கும் இதனாற் பயன் உண்டு. உருவத்தின் அடியில் அதன் பெயரையும், கதையின் சுருக்கம் இரண்டு வரியையும் தமிழிற் பொறித்துக் கொடுத்தல் செலவு மிக்கதன்று. தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் 1973 முதல் பூம்புகார் விற்பனை நிலையங்களின் வழியே இப்பொருள்களைப் பரப்பிவருகின்றது. இத்தகைய நிறுவனங்களும் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் கூடின் அவ்வரிகளைப் பிழையின்றி எழுதித் தருதல் கூடும்.

பரங்குன்றத்து மண்டபத்தில் பூனையைச் சுட்டி ஒருவர் வினவினார். இவன் இந்திரன் என மற்றொருவர் விடை கூறினார். அவ்விருவர் பெயரும் நமக்குத் தெரியாது. அம்மண்டபத்து ஓவியங்களும் இன்று இல்லை. அங்கு என்ன எழுதியிருந்தது என்பதை நாம் அறிவதற்குக் காரணம், அவர்கள் பேசிக்கொண்டதைப் புலவர் ஒருவர் கேட்டு எழுதிவைத்ததேயாகும்.